சுரண்டிய மரங்கள்

லுமீர் காலை ஒன்பது மணிக்கு சைக்கிளை எடுத்தால் பதினொன்றரைக்குத் திரும்பிவிடுவார். ரூஷெனா அந்தக் கணக்கில்தான் உருளைக்கிழங்கு சூப்பை அடுப்பில் ஏற்றுவாள். கேட்டருகே சரளைக்கல்லில் சக்கரம் நெரியும் சத்தம் வரும்போது, காளானைப் போட்டு ஒரு கிளறு கிளற நேரம் சரியாக இருக்கும்.

அந்த இரண்டரை மணி நேரத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் அவளுக்குப் பயம்தான். போன வருடம் ரொட்டி வாங்கப் போன மனிதர், அவர்கள் ஊரான ஓல்ஷோவ்காவில் இருக்கும் ஒரே தெருவில் வழி தெரியாமல் தபால் நிலையத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். காலுறையை ஃபிரிட்ஜில் வைத்தார். மகள் இலோனாவிடம் போனில் பேசும்போது "உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று யாரோ தூரத்துச் சொந்தக்காரரைக் கேட்பதுபோலக் கேட்டார். ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் அவர் பழைய லுமீர். புல்வெளி தாண்டி, மாட்டுவேலிக் கதவைத் திறந்து மூடி, காட்டுக்குள் ஆறு கிலோமீட்டர் ஏறி, மூன்றாம் மதகில் கால்வாயைத் தொடுவார். கரையோடு ஒன்பது கிலோமீட்டர். ஐந்தாம் மதகில் இடது பக்கம் திரும்பிப் பலகைப் பாலம் தாண்டி, வயல் வழியாக வீடு. எங்கும் யோசிக்க வேண்டியதில்லை. மரத்துக்கு மரம் மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று மூன்று பெயின்ட் பட்டை இருக்கிறது. பட்டையைப் பார்த்தால் கால் மிதிக்கும்.

"ஓட்டட்டும்," என்றார் நகரத்து மருத்துவர். "மூளையில வழி இல்லேன்னாலும் மரத்துல இருக்கு இல்ல? அந்த அடையாளம் இருக்கற வரைக்கும் அவர் தனியாப் போய்ட்டு வருவார். அதை நிறுத்தினா ரொம்ப சீக்கிரம் கீழே போயிடுவார்."

அடையாளம் இருக்கிற வரைக்கும். அதைக் கேட்டு ரூஷெனாவுக்கு அன்று சிரிப்பே வந்தது. ஏனென்றால் அந்த அடையாளங்களைப் போட்டவர்களே அவளும் லுமீரும்தான்.

நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் காட்டுவழிகளில் அடையாளம் போடும் சங்கத்தில் அவர்கள் சேர்ந்து முப்பத்தாறு வருடம் ஆகிறது. சம்பளம் கிடையாது. ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பேர். அந்தப் பகுதியில் வேறு யாரும் பிரஷ் வைக்கக் கூடாது. முதல் பயிற்சியின்போது ரூஷெனா பள்ளிச் சமையல் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். லுமீர் மர அறுவை ஆலையில் ஃபிட்டர். அவள் வரைந்த பட்டையின் மேல் அவர் ஸ்கேலை வைத்துப் பார்த்து, "ரெண்டு மில்லிமீட்டர் அகலம் கூட," என்றார்.

"உங்க மூக்கு மூணு மில்லிமீட்டர் கோணல். அதை யாரு திருத்தறது?" என்றாள் அவள்.

அடுத்த கோடையில் கல்யாணம். அன்றிலிருந்து வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சுரண்டுவது அவர், பூசுவது அவள். சுரண்டுவது சாதாரண வேலை இல்லை. பெயின்ட் ஒட்ட, மரத்தின் மேல்பட்டையின் செதிலை மட்டும் எடுக்க வேண்டும். உள்ளே பச்சை தெரிந்துவிட்டால் மரத்துக்குப் புண். லுமீர் சுரண்டிய இடம் சவரம் செய்த கன்னம் மாதிரி இருக்கும். பிசின் ஒரு சொட்டு கசியாது.

மே மாதம் இரண்டாம் வாரத்தில் லுமீர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். மறுநாள் பன்னிரண்டே கால். மூன்றாவது நாள் ரூஷெனா அவர் தூங்கும் நேரத்தில் தன் சைக்கிளில் வழியைப் பார்க்கப் போனாள். கால்வாய்க் கரையில் நான்காம் மதகுக்கு முன்னால் ஐந்து அடையாளங்கள் இல்லை. மரங்கள் இருந்தன, பெயின்ட் பட்டைகள்தான் இல்லை.

அந்த வருடம் மரப்பட்டையைத் துளைக்கும் வண்டு விழுந்து ஸ்ப்ரூஸ் மரங்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ந்துகொண்டிருந்தன. காட்டுக்குள் மரம் வெட்டும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் நேராக, இயந்திரம் ஓட்டும் ப்ரோகோப்பிடம் போய் நின்றாள். அவன் இயந்திரத்தின் படியில் உட்கார்ந்து தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா, வெட்டறதுன்னா வெட்டு. நிக்கற மரத்துல எங்க அடையாளத்தை ஏன் எடுக்கற?"

"ரூஷெனாம்மா, என் மெஷின் பதினெட்டு டன்," என்றான் ப்ரோகோப். "அது மரத்தைச் சாய்க்கும். மரத்துக்குச் சவரம் பண்ணாது."

சவரம் என்ற சொல் அவளை உறுத்தியது. திரும்பப் போய் மரத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். சுரண்டிய இடத்தில் விரலை வைத்தாள். வழவழப்பாக இருந்தது. பச்சை தெரியவில்லை, பிசின் கசியவில்லை. சுரண்டிவிட்டு, மிச்சமிருக்கும் நிறம் தெரியாமலிருக்க மேலே சாம்பல் பெயின்ட் ஒரு பூச்சு, ஓரம் நேராக. வழியை ரத்து செய்யும்போது அப்படித்தான் செய்ய வேண்டும் என்று சங்கத்தின் கையேட்டில் இருக்கிறது. கையேட்டை இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றுகிறவர் மாவட்டத்திலேயே ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்து அவர் முதுகுப்பையைத் திறந்தாள். சுரண்டி, கம்பி பிரஷ், சாம்பல் பெயின்ட் டப்பா. ஒரு கந்தல் துணியில் சுற்றி, கம்பத்திலிருந்து கழற்றிய அம்புப்பலகை ஒன்று. அதன் திருகாணிகள் தனியாக ஒரு தீப்பெட்டியில்.

"லுமீர், இது என்ன?"

"வேலை." அவர் சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். "நம்ம சங்கத்துல க்வாபில் உத்தரவு போட்டிருக்கானே. கால்வாய் வழி ரத்து. மேட்டு வழியா மாத்தணும். வசந்தத்துக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடணும்னான். நீ ஒண்ணும் பண்ண மாட்டேங்கற, நான் ஒருத்தனே செய்யறேன்."

அப்படி ஓர் உத்தரவு இருந்தது உண்மைதான். தொண்ணூற்றேழில் வெள்ளம் கரையை உடைத்தபோது வந்தது. அந்த வசந்தத்தில் இரண்டு பேருமாகக் கால்வாய்க் கரையில் அறுபத்து மூன்று அடையாளங்களை எடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்துக் கரையைச் சரிசெய்ததும் அறுபத்து மூன்றையும் திரும்பப் போட்டார்கள். லுமீரின் தலைக்குள் இப்போது எடுத்த வருடம் இருக்கிறது, போட்ட வருடம் இல்லை. அவர் தன்னை வீட்டுக்குக் கொண்டுவரும் வழியைத் தன் கையாலேயே, விதிப்படி, ஒழுங்காக அழித்துக்கொண்டிருந்தார்.

அவள் சுரண்டியை ஒளித்துவைத்தாள். மறுநாள் அவர் சமையலறைக் கத்தியை எடுத்துப் போனார்; அன்று ஒரு மரத்தில் பச்சை தெரிந்தது. தான் செய்த வேலையைப் பார்த்து அவரே முகம் சுளித்திருக்க வேண்டும், வீட்டுக்கு வந்து சூப்பைத் தொடவேயில்லை. சாயங்காலம் அவள் சுரண்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டாள்.

இலோனா போனில் சொன்னாள்: "சைக்கிளைப் பூட்டி வைம்மா. அவ்வளவுதான்."

"பூட்டிட்டு?"

"வீட்டுல இருக்கட்டும்."

"வீட்டுல இருந்தா அவர் யாருன்னே அவருக்குத் தெரியறதில்லடி. நீ வந்து ஒரு நாள் பாரு, அப்புறம் பூட்டச் சொல்லு."

சங்கத்தின் பிரிவுத் தலைவர் க்வாபிலிடம் போனாள். எழுபது தாண்டியவர், முழங்கால் இரண்டும் போனவர், ஆனால் நல்ல மனிதர். அன்று மத்தியானமே காரில் வந்தார். சங்கத்து முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, ஒரு தாள் கொண்டுவந்தார்: கால்வாய் வழி ரத்து என்ற உத்தரவு திரும்பப் பெறப்படுகிறது.

"லுமீர், நல்லாக் கேளு. வழி ரத்து இல்ல. எடுக்கறதை நிறுத்து."

"சரி தலைவரே," என்றார் லுமீர். "முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு முதுகுவலி மிச்சமாயிருக்கும். ஒரு உத்தரவு, ஒரு மறு உத்தரவு. உங்களுக்கு எல்லாம் மேஜையில உக்காந்து வேலை."

மூவரும் சிரித்தார்கள். க்வாபில் இரண்டு பன் சாப்பிட்டுவிட்டுப் போனார். ரூஷெனா அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் அவர் சுரண்டியது ஆறு மரம். அவள் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சைக்கிள் கைப்பிடியில் கட்டினாள். லுமீர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி விடாமல் படித்தார். பிறகு தேதியில் விரலை வைத்தார்.

"ரெண்டாயிரத்து இருபத்திரெண்டா? இது தொண்ணூத்தேழு. க்வாபில் காலையிலயே பீர் போட்டுட்டான் போல. தேதி தப்பா இருந்தா உத்தரவு செல்லாது, ரூஷா. உனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். கையேட்டில் அதுவும் இருந்தது.

அதன் பிறகு அவளால் முடிந்தது ஒன்றுதான். அவர் அழிப்பதை அவள் போட்டாள். விடிந்ததும் கிளம்பி, நேற்று எடுத்த ஐந்தாறு மரத்தில் மறுபடி பூசிவிட்டு, அவர் எழுவதற்குள் திரும்புவாள். மஞ்சள் காய்ந்த பிறகுதான் சிவப்பு. ஈரமான மரப்பட்டையில் பெயின்ட் நிற்காது. மழை பெய்த மறுநாள் ஒன்றும் செய்ய முடியாது. அவளுக்கு அறுபத்தைந்து வயது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவாள். ஜூன் முழுக்க மழை. அவர் மழையிலும் சுரண்டினார். மாதக் கடைசியில் கரையில் பாதிக்கு மேல் வெறும் மரங்கள். அவர் வீடு திரும்புவது ஒரு மணி ஆயிற்று, பிறகு இரண்டு. ஒரு நாள் யாரோ சுற்றுலாக்காரர்கள் காரில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். சூப்பை அவள் இரண்டு தடவை சூடு பண்ணப் பழகிக்கொண்டாள்.

"கரையில யாரோ ஒரு முட்டாள் இருக்கான், ரூஷா," என்றார் லுமீர் ஒரு மத்தியானம், கைகழுவிக்கொண்டே. "நான் எடுக்க எடுக்க மறுபடி போடறான்."

"யாரா இருக்கும்?" என்றாள் அவள்.

"யாரோ. கை நல்ல கை. கோடு அப்படி நேரா இருக்கு. மூளைதான் இல்ல."

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல வெயில், அவள் அவரோடு போனாள். கூடப் போனால் தடுக்கலாம் என்று அவள் நினைக்கவில்லை. கடைசியாக ஐந்தாம் மதகின் அடையாளத்தை மட்டும் விடச்சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான். நேராகப் போனால் கரை ஸ்மிர்ச்சி என்ற ஊர்வரை பதினான்கு கிலோமீட்டர் ஓடுகிறது. இடது பக்கம் திரும்பினால் வீடு ஐந்து. அந்த ஒரு மரத்தில் அம்பு இருக்கும்வரை எப்படியும் அவர் வந்துவிடுவார்.

ஐந்தாம் மதகு வந்ததும், அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சுரண்டியை எடுத்துவிட்டார்.

"லுமீர், இதை மட்டும் விடு. எனக்காக."

"ரத்துன்னா ரத்து. பாதி வழியில அடையாளம் விட்டா என்ன ஆகும்? ஆளைக் கூட்டிட்டுப் போய் நடுக்காட்டுல விடற மாதிரி. அதைவிடப் பாவம் இல்ல."

பத்து நிமிடத்தில் மரம் சுத்தமாகிவிட்டது. சாம்பல் பூச்சும் முடிந்தது. பிரஷை டர்பன்டைனில் நனைத்துத் துடைத்து, டப்பாவை மூடி, பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றார். நேரே பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். மறுபடி நேரே.

"இடது பக்கம்," என்றாள் ரூஷெனா.

"அந்தப் பக்கம் அடையாளம் இல்ல."

"நான் சொல்றேன்ல. பாலம் தாண்டினா நம்ம வயல்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு மரியாதை இருந்தது, வழி கேட்டு வரும் வெளியாளிடம் காட்டும் மரியாதை.

"மன்னிக்கணும். நீங்க சொல்றதுக்காக நான் போக முடியாது. இந்தப் பகுதி எங்களோடது. எனக்கும் என் பொண்டாட்டிக்கும். அவளுக்குத் தெரியும், அவ வரட்டும்."

அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், நகரவில்லை. தன் பெயரைச் சொன்னாள், மகள் பெயர் சொன்னாள், கல்யாண வருடத்தைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் நல்லபடியாகத் தலையாட்டினார். ப்ரோகோப்பைக் கூப்பிடலாம் என்றால் போனுக்கு அந்த இடத்தில் சிக்னல் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கால்வாய்த் தண்ணீர் மதகில் விழுகிற சத்தம் மட்டும். முப்பத்தாறு வருடத்தில் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியவள், கூட இருக்கும் ஒருவரை எழுப்பி ஐந்து கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போக முடியாமல் நின்றாள்.

பையிலிருந்து வெண்ணெய் தடவிய ரொட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் கால்வாயைப் பார்த்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். அவர் முதுகுப் பக்கமாக அவள் பாலத்துக்குப் போனாள். பாலத்தை ஒட்டி வழவழப்பான தண்டுள்ள ஒரு மரம். பையில் எப்போதும் இருக்கும் தன் பெயின்ட் டப்பாக்களைத் திறந்தாள். மஞ்சள் காயக் காத்திருக்க நேரமில்லை. ஈரத்தின் மேலேயே சிவப்பை இழுத்தாள். முதல் தடவையாக அவள் போட்ட கோடு கோணலாக வந்தது. டப்பாவைப் பையில் திணித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாப்பிட்டுக் கையைத் தட்டியபடி எழுந்தவர் கண்ணில் அது உடனே பட்டது. போய் விரலால் தொட்டார்.

"ஈரம்!" அவர் குரல் இளைஞனின் குரல் மாதிரி இருந்தது. "இப்பத்தான் போட்டிருக்கான். இங்கதான் எங்கயோ இருக்கான்."

"ஆமா, இந்தப் பக்கம்தான் போனான். வாங்க, வயல் வழியா..."

"வயல் வழியா போக மாட்டான். வீட்டுக்குப் போறவன் எதுக்கு அடையாளம் போடறான்? கரையோட போவான். அடுத்தது போடணும்ல."

அவர் சைக்கிளைத் திருப்பி, எழுந்து நின்று மிதித்தார். கனமான கியரில், முன்சக்கரம் வேர்களின் மேல் குதிக்க, கரையோடு நேராக. அவள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அறுபத்தெட்டு வயதிலும் அவரைத் துரத்திப் பிடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அவளால் எப்படி முடியும்? முதல் வளைவில் முதுகு தெரிந்தது. இரண்டாம் வளைவில் வெறும் கரை.

இரண்டு மணி நேரம் கழித்து ஸ்மிர்ச்சியில், கால்வாய் முடியும் இடத்துப் பெட்டிக்கடை முன்னால் அவரைக் கண்டாள். முட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது. கையில் குளிர்பான கிளாஸ். கடைக்காரப் பெண் அவளைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள்.

"உங்க ஆளா? நல்ல வேளை வந்தீங்க. சைக்கிள்ல வர்றவன், போறவன், எல்லாரையும் நிறுத்திக் கையை விரிச்சுக் காட்டச் சொல்றாரு. பெயின்ட் இருக்கான்னு பாக்கணுமாம். ஒரு ஜெர்மன்காரர் ரொம்பப் பயந்துட்டார்."

"ரூஷா!" என்றார் லுமீர் சந்தோஷமாக. "வந்துட்டியா? ஒருத்தர்கிட்டயும் இல்ல. தப்பிச்சுட்டான்."

ரூஷெனா இரண்டு கைகளையும் மேல்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டாள். பஸ் வரும் வரை வெளியே எடுக்கவில்லை. கடைக்காரப் பெண்தான் இரண்டு சைக்கிளையும் பஸ்ஸின் பின்னால் மாட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் ப்ரோகோப்பைக் கூப்பிட்டு லுமீரின் சைக்கிளை அவன் ஷெட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னாள். அவன் உடனே வந்து எடுத்துப் போனான். ஒன்பது மணிக்கு லுமீர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார். சைக்கிள் எங்கே என்று கேட்டார். பஞ்சர், ப்ரோகோப் ஒட்டிக்கொண்டு வருவான் என்றாள். சரி என்று தலைக்கவசத்தோடே பெஞ்சில் உட்கார்ந்தார். அடுத்த நாளும் கேட்டார். ஆகஸ்ட் நடுவில் கேட்பதை நிறுத்திவிட்டார். தலைக்கவசம் எதற்கு என்பதும் அதற்கப்புறம் அவருக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் க்வாபில் வருடாந்தரச் சோதனைக்கு வந்தார். காலை முழுக்க யாரையோ விட்டு வழியை ஓட்டிப் பார்க்கச் செய்துவிட்டு, மத்தியானம் தாளோடு சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். மேஜையின் மறுபக்கம், ஜன்னலோரம், லுமீர் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுகூட விட்டுப்போகல, ரூஷெனா," என்றார் க்வாபில். "கால்வாய்க் கரை அறுபத்து மூணும் புதுசு மாதிரி இருக்கு. மாவட்டத்துலயே இந்த வருஷம் நல்ல வழி இதுதான்னு எழுதப்போறேன்."

சொன்ன பிறகுதான், அழிக்க ஆள் இல்லாததால்தான் அது நல்ல வழி என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பேனாவை மூடிவிட்டுக் குனிந்து தாளையே பார்த்தார்.

லுமீர் விருந்தாளியை ஆர்வமாகப் பார்த்தார்.

"நல்ல வழிங்களா? யாரு பாத்துக்கறாங்க?"

க்வாபில் ரூஷெனாவைப் பார்த்தார். அவள் இரண்டு தட்டில் சூப் ஊற்றினாள். மூன்றாவது தட்டில் கொஞ்சமாக ஊற்றி, ஆறட்டும் என்று ஜன்னல் கட்டையில் வைத்தாள். சூடாகக் கொடுத்தால் லுமீர் ஊதிக் குடிக்க மறந்துவிடுகிறார்.